தும்மல் ராஜ்யம்

1961, ஐப்பசி, செவ்வாய் இரவு

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், திண்டுக்கல்லில் இன்று பிற்பகல் எங்கள் தலைமையாசிரியர் அறையில் இரண்டு தும்மல்கள் நிகழ்ந்தன. உயிர்ச்சேதம் இல்லை. இதுவரை இல்லை.

எங்கள் கையெழுத்துப் பத்திரிகையில் நான் எழுதும் ‘தும்மல் ராஜ்யம்’ தொடர்கதை அவரிடம் சிக்கிவிட்டது. அந்த ராஜா தும்மினால் குடிகள், குதிரைகள், கோட்டைச் சுவர்கூட உடனே தும்ம வேண்டும். தும்மாதவருக்குச் சிறை. ராஜாவின் இடுப்பில் எப்போதும் ஒரு மூக்குப்பொடி டப்பா இருக்கும். தலைமையாசிரியர் இடுப்பிலும் இருக்கும். ராஜா யாரென்று பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும், அவரைத் தவிர.

என்னையும் கதைக்குப் படம் வரைந்த காதரையும் நிற்கவைத்துக் கதையைப் படித்தார்.

“ஏலே, யாரு இந்த ராஜா?”

டி.சி. கிழித்தால் அத்தா தோல் மண்டியில் உட்கார வைத்துவிடுவார் என்று நடுங்கிக்கொண்டிருந்த காதர் என் காலை மிதித்தான்.

“சும்மா கற்பனைங்கய்யா” என்றேன்.

அவர் ஒரு சிட்டிகை பொடி எடுத்து உறிஞ்சினார். தும்மினார்.

அடுத்த நொடியே நானும் தும்மினேன்.

அவர் டப்பாவைப் பார்த்தார். கதையைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“காதரு, நீ கிளாசுக்குப் போ. கதை எழுதுனவனே, நீ நாளைக்கு ஒங்கப்பாவைக் கூட்டிட்டு வா.”

சாயங்காலம் காதர் என்னைக் கட்டிக்கொண்டான். “மூஞ்சிக்கு நேராவே தும்மிட்டியே அப்பு! அம்புட்டுத் தைரியமா ஒனக்கு?”

“பின்னே? ராஜான்னா பயந்துருவமா?” என்று மார்தட்டிக்கொண்டேன்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. குறட்டை கேட்கிறது.

இந்த டைரியில் மட்டும் எழுதிவைக்கிறேன். நான் கேலிக்காகத் தும்மவில்லை. அவர் தும்மியதும் கை தானாகக் கட்டிக்கொண்டது. வராத தும்மலைப் பயத்தில் வரவழைத்துத் தும்மினேன், என் கதையின் குடிகளைப் போலவே.