கதவு படியாத கார்கள்

அன்புள்ள பெரியவளுக்கு அப்பா எழுதுவது. இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை, மனசைப் பற்றிப் போகப் போகத் தெரியும். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் நாலு நாளாக என்னோடு பேச்சு இல்லை, தட்டை வைக்கிற சத்தத்திலேயே திட்டிவிடுகிறாள்.

காரணத்தை அவள் போனில் பாதிதான் சொல்லியிருப்பாள். எங்கள் கார் கம்பெனி நஷ்டத்தில் ஓடுவது உனக்குத் தெரியும், ஏழு வருஷத்தில் இப்போது மூன்றாவது தலைவர். முதல் ஆள் சின்னத்தை மாற்றிச் சுவருக்கு வர்ணம் அடித்தார், அடுத்தவர் ஆளைக் குறைத்தார், கார் மட்டும் அதே கார். நான் படிப்பைப் பாதியில் விட்டவன்தான், ஆனாலும் கதவுப் பிரிவில் இருபத்தாறு வருஷம் நின்றவனுக்கு கம்பெனி எதனால் விழுகிறது என்று தெரியும். தப்பு கண்ணில் பட்டால் தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுத்து, கார்கள் நகர்ந்து வரும் லைனை நிறுத்த வேண்டும் என்பது விதி. ஆனால் இழுத்தவன் பேரைப் பலகையில் எழுதிவிடுவார்கள், இன்றைக்கு வண்டி குறைந்தது இவனால் என்று. அதனால் யாரும் இழுப்பதில்லை. கதவைத் தாங்கும் கீல் கோணலாக வந்தால் ரப்பர் சுத்தியால் இரண்டு தட்டு தட்டி அனுப்புகிறோம், நானும் தட்டியிருக்கிறேன். ஆறு மாதத்தில் வாங்கியவன் வீட்டில் கதவு தொங்கும், அவன் அடுத்த காரை எங்களிடமா வாங்குவான்.

புதன்கிழமை புதுத் தலைவர் சுற்றிப் பார்க்க வந்தார். அன்றைக்கு மட்டும் பொறுக்கியெடுத்த கீல்களை வைத்துவிட்டு, மற்றதைப் பெட்டியோடு பெயிண்ட் அடிக்கும் கூடத்துக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார் சூப்பர்வைசர். பொறுக்கியதிலும் ஒன்று கோணல். கயிற்றை இழுத்துவிட்டேன், மொத்த லைனும் நின்றது. என்னய்யா ஆச்சு என்று தலைவர் கேட்டார், பெட்டிகள் இருக்கும் இடத்தையும் சேர்த்துச் சொன்னேன். குறித்துக்கொண்டு போனார். இப்போது திங்கட்கிழமை அவர் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருஷம், அதுவரைக்கும் கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா பெரியவரே, மன்னிப்பு எழுதிக் குடுத்துடுங்க என்கிறார் சூப்பர்வைசர். அம்மா பேப்பரும் பேனாவும் எடுத்து வைத்திருக்கிறாள். நீயும், அப்பாவை அனுசரிச்சுப் போகச் சொல்லும்மா என்றாயாம், அதில் எனக்கு வருத்தம்தான்.

எழுத மாட்டேன். பயம் இல்லை என்று பொய் சொல்லவில்லை. தலைவர் கீலைப் பற்றி முதலில் கேட்டால் கம்பெனி பிழைத்துக்கொள்ளும். கயிற்றை எப்படி இழுக்கலாம் என்று கேட்டால் எனக்கு இப்போதே வேலை போகும், மற்றவர்களுக்குக் கம்பெனி மூடும்போது போகும்.

இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருவரும் குறைவில்லாமல் நன்றாக இருங்கள். போன் செய்தால் வேலை இருக்கிறதா என்று கேட்காதே, அவர் முதலில் என்ன கேட்டார் என்று கேள்.

உன் அப்பா