மேப்பிங் மேல தப்பில்லை

தம்பி,

நல்லா தூங்கறே, எழுப்ப மனசு வரல. சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடு. காரை இழுத்துட்டுப் போக எங்க ஒர்க்‌ஷாப்ல இருந்து ஆள் வருவார், சாவியை அவர்கிட்ட குடு. நீ ஸ்டார்ட் பண்ணிடாதே. டர்போ போயிடுச்சு.

காலையில பானட்டைத் திறந்து பார்த்தேன். டர்போவுல இருந்து இன்ஜினுக்குக் காத்து போற ஹோஸ் அடியில கிழிஞ்சிருக்கு. "வண்டி முன்ன மாதிரி இழுக்கலக்கா"ன்னு நீ வந்து சொன்னப்போ, இன்ஜினை ஓட்டற கம்ப்யூட்டர்ல நான் மாத்திப் போட்ட செட்டிங்கை, அந்த மேப்பிங்கைக் குறை சொல்றதா நினைச்சுட்டேன். "ஆடத் தெரியாதவன் மேடை கோணல்னானாம்"னு உன் ஃப்ரெண்டுங்க முன்னாடியே சொல்லிட்டேன்.

அந்த ரோஷத்துலதான் நீ வேற கடைக்குப் போனே. வருஷா வருஷம் மேப்பிங்கை மாத்தி ரீமேப் பண்ணணும்னு சொல்லி அந்தக் கடைக்காரன் பூஸ்ட்டை, அதான் டர்போ தள்ற காத்தோட அழுத்தத்தை, ஏத்தி விட்டான். மேப்பிங் தானா தேயாதுடா. பார்ட் ஏதாவது மாத்தினாத்தான் திரும்பப் பண்ணணும். கிழிஞ்ச ஹோஸை வச்சுக்கிட்டு இன்னும் காத்து கேட்டா டர்போ என்ன பண்ணும்? சுத்திச் சுத்தியே செத்துடுச்சு. அவனைத் திட்டி என்ன ஆகப் போகுது? நீ சொன்ன அன்னைக்கே நான் குனிஞ்சு பார்த்திருந்தா ஹோஸோட போயிருக்கும்.

தனியா வீடு பார்த்துக்கறேன்னு நேத்து சொன்னே. போறதா இருந்தா போ. கோபத்துல மட்டும் போகாதே.

அக்கா

இன்னொண்ணு, ஓரத்துல எழுதறேன். நான் மாட்டப் போற புது டர்போ பழசை விடக் கொஞ்சம் பெரிசு, அதனால இப்போ நிஜமாவே ரீமேப் பண்ணணும். நீ ஓட்டு, நான் லேப்டாப்போட பக்கத்துல உட்கார்றேன். வண்டி எப்படிப் போகுதுன்னு நீ சொல்லு. இந்தத் தடவை கேட்டுக்கறேன்.