கேஜுக்கு உடைத்த தேங்காய்

தங்கவயல், 1903 ஐப்பசி

நைனாவின் பாதங்களுக்கு மகன் சம்பங்கியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? நான் சுகம்.

நைனா, ஆயுதபூஜை அன்று இங்கே ஒரு கூத்து! எங்களைச் சுரங்கத்தில் இறக்கும் இரும்புக் கூண்டை கேஜ் என்பார்கள். அதற்குத் தேங்காய் உடைக்கக் கூடாது என்று எங்கள் வேலையை மேற்பார்க்கும் புதிய வெள்ளைக்காரக் கேப்டன் சொல்லிவிட்டார். அவர் பூட்ஸ் சத்தம் கேட்டாலே நான் தலையைக் குனிந்து ஒதுங்கி நிற்பேன். மணி அடித்தது. ஒருவரும் ஏறவில்லை.

"இன்னா ஆவுதுன்னு பாத்துடலாம், யாரும் அசையாதீங்க" என்றார் பக்கத்தில் நின்ற ராஜப்பா.

யாரோ "கோவிந்தா!" என்றார்கள். உடனே ஷிப்டு மொத்தமும் "கோவிந்தா!" என்றது. என் குரல் எது என்று எனக்கே தெரியவில்லை, நைனா, உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது! அப்போதுதான் கேப்டனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். அவர் எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் தேங்காயை அவரே உடைத்தார்! இத்தனை நாள் அவரைப் பெரிய ஆளாக்கி வைத்திருந்தது எங்கள் பயம்தான்.

அம்மா துவைத்து மடித்த துண்டு ஒன்றை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன். பொங்கலுக்கு வரும்போது நம்மூர் மணியக்காரர் வீட்டு வாசலில் அந்தத் துண்டை வழக்கம்போல் இடுப்பில் கட்ட மாட்டேன், தோளில்தான் போட்டிருப்பேன். நீங்களும் என்னோடு நடந்து வாருங்கள், நைனா.