மீன் தொட்டியின் முதுகில் உன் ஆள் அடித்த நீலம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், மீன்களும் சுகம், மீன்கள் சுகமாக இருப்பதில் உன் ஆளுக்கு ஒரு பங்கும் கிடையாது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய், குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். போனில் அழுதாயே, அவரை அவமானப்படுத்திட்டீங்களாமே அப்பா, கல்யாணத்துக்குச் சம்மதமா இல்லையான்னு ஒரு வார்த்தையாவது சொல்லுங்க என்று. அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால் நடந்தது முழுவதும் உனக்குத் தெரிய வேண்டும். போனில் சொன்னால் உன் அம்மா நடுவில் புகுந்து அவனுக்கு வக்காலத்து வாங்குவாள், அதனால்தான் எழுதுகிறேன்.

லீவில் வந்தவன் எங்களைப் பார்க்க வந்தான், சரி. வந்த பிள்ளை கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம் இல்லையா. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் தடுப்பு மாதிரி நிற்கிறதே நம் மீன் தொட்டி, அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், மாமா, மீனைப் பார்த்தா பின்னாடி மிக்ஸியும் குக்கரும் தெரியுது, பின் கண்ணாடியில கடலுக்கடியில மாதிரி ஒரு படம் வரைஞ்சா அம்சமா இருக்கும், நானே வரைஞ்சு தர்றேன் என்றான். பெண் கேட்கவே இல்லை, அதற்குள் மாமா. இதுக்கு முன்னாடி வரைஞ்சிருக்கியாப்பா என்று கேட்டேன், வீடியோ பார்த்திருக்கேன் மாமா என்றான். நானும் விமானம் பறப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் பெயின்ட் டப்பாக்களோடு வந்துவிட்டான். வெளிப்பக்கம் அடிப்பதற்கு மீனை ஏன் இறக்க வேண்டும், இறக்கினான், என் குளியல் வாளியில் கொண்டுபோய் விட்டான். முன் கண்ணாடியில் துளி தெறிக்கக் கூடாதென்று அதை முழுக்கப் பேப்பர் ஒட்டி மூடினான். பிறகு சமையலறைப் பக்கம் போய் நின்றுகொண்டு பின் கண்ணாடி முழுவதும் நீலத்தை வழித்து அடித்தான். அது காய்ந்த பிறகு அதன் மேல் பாசி, பவளம், பாறை, ஓர் ஆமை என்று நாக்கைக் கடித்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் வரைந்தான். கண்ணாடிக் கடையிலேயே தலை நரைத்தவன் நான். கண்ணாடிக்குப் பின்னால் வரைகிறவன் முன்னால் தெரிய வேண்டியதை முதலில் வரைய வேண்டும், பின்னணியைக் கடைசியில்தான் பூச வேண்டும். நீலத்தை முதலில் பூசிவிட்டால் அதன் மேல் நீ என்ன வரைந்தாலும் முன்னால் இருந்து பார்ப்பவனுக்கு நீலம் மட்டும்தான். அவன் முதல் பட்டை இழுத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பேசாமல் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டேன். ஏன் சொல்லவில்லை என்று உன் அம்மா இன்றுவரை சண்டை போடுகிறாள். கேட்டால்தானே சொல்வதற்கு. பாலம் கட்டுகிற கம்பெனியில் இருக்கிறான் என்றாயே, எந்தப் பாலம் என்று எழுது, அந்தப் பக்கம் நான் போகாமல் இருக்கிறேன்.

கடைசியில் பெரிய திறப்பு விழா மாதிரி எங்களைக் கூப்பிட்டு முன்பக்கத்துப் பேப்பரை உரித்தான். வெறும் நீலம், குளியலறைச் சுவர் மாதிரி. நான் சிரித்தேன், மறைக்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இவ்வளவு படிச்சும் கண்ணாடிக்கு எது முன்பக்கம்னு தெரியலையேப்பா என்றும் கேட்டேன். அவமானப்படுத்தினேன் என்று சொன்னானாமே, உண்மைதான். உன் அம்மாவுக்கு மனசு பொறுக்கவில்லை. சமையலறைப் பக்கம் போய் நின்றுகொண்டு, இத்தனை வருஷமா மீனைப் பார்த்தா பின்னாடி இவர் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறதுதான் தெரிஞ்சது, இப்பத்தான் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு, எனக்காகத்தானே தம்பி இந்தப் பக்கம் வரைஞ்சீங்க என்றாள். ஆமா அத்தை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வாய் அடைத்திருக்கும். இவன் காது வரைக்கும் சிவந்துபோய், இல்ல அத்தை, அது எனக்குத் தோணவே இல்ல, மாமா சொல்றதுதான் சரி, யோசிக்காம அடிச்சுட்டேன், சுரண்டிட்டு மறுபடி வரைஞ்சு தர்றேன் என்றான். சுரண்ட உன் அம்மா விடவில்லை.

கடையில் எத்தனையோ கண்ணாடி உடைந்திருக்கிறது. வண்டி குலுங்கியது, சரக்கைக் கட்டியவன் சரியில்லை, காற்று அடித்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், என் கைதான் என்று ஒருவன் சொல்லி நான் கேட்டதில்லை. இவனுக்குத் தப்பிக்கும் வழியை உன் அம்மா தட்டில் வைத்து நீட்டினாள், அதை எடுத்துக்கொள்ளக்கூடத் தெரியவில்லை. கெட்டிக்காரனாக இருந்தால் எடுத்துக்கொண்டிருப்பான், நானும் பெண் கிடையாது என்று சொல்லி அனுப்பியிருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். கல்யாணத்துக்கு எந்த மாதம் லீவு கிடைக்கும் என்று அவனிடமும் கேட்டு எழுது. உன் அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில்.

இப்படிக்கு,
உன் அப்பா