கேத்தல் கூவுகிற இடம்

மச்சான்,

இன்று காலை குசினியில் கேத்தல் கூவியது. லண்டனில் இருக்கிற மகன் அனுப்பிய புதுக் கேத்தல். அதன் மூக்கில் ஒரு சின்ன மூடி, மூடியில் ஒரு ஓட்டை. தண்ணீர் கொதித்ததும் ஆவி அந்த ஓட்டையால் புகுந்து கூவும். இந்த வேலைப்பாட்டை மருமகளுக்கு விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அது கூவியது. அடுத்த கணம் நான் மேசைக்குக் கீழே இருந்தேன். மூக்குக்கண்ணாடி விழுந்துவிட்டது, தேடுகிறேன் என்று சொன்னேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. நல்ல பிள்ளை, ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள்.

நீ இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாய். "என்ன கேத்தல், உன்ரை சொந்தக்காரன் வந்திருக்கிறான் போலை" என்று தொடங்கியிருப்பாய்.

என்னைக் கேத்தல் என்று கூப்பிட்ட ஒரே ஆள் நீ. ஏன் அந்தப் பெயர் என்று கேட்டவர்களுக்கெல்லாம், நான் ஒரு நாளைக்குப் பதினெட்டுத் தேத்தண்ணி குடிக்கிறவன், அதனால்தான் என்று சொல்லி வந்திருக்கிறேன். பதினெட்டு கொஞ்சம் அதிகம். காரணமும் அது இல்லை. நீ இருக்கும்போது சொல்லாததை, நீ போன பிறகாவது எழுதிவிடலாம் என்று பேனையை எடுத்திருக்கிறேன்.

துறைமுகத்துக்குக் கோதுமை மாக் கப்பல் வந்த சமயம் அது. நீ கந்தோரில் கிளாக்கர், நான் கிரேன் ஓட்டுகிறவன். அந்தக் கப்பலில் இருந்த ஒரு வெள்ளைக்காரன் உன்னிடம் ஒரு வீடியோ கெசட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். உறையும் இல்லை, பெயரும் இல்லை. எந்த வீட்டிலும் பெயரில்லாத கெசட் இருக்கக்கூடாத காலம். உள்ளே இயக்கத்தின் படமா, கலியாண வீடா என்று வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பயத்திலேயே நீ அதை ஒரு கிழமை அரிசிப் பெட்டிக்குள் வைத்திருந்தாய்.

பிறகு என்னைத்தான் கூப்பிட்டாய். திருகோணமலை முழுவதிலும் வீடியோ டெக்கைத் திறந்து, பஞ்சும் ஓடிக்கொலோனும் கொண்டு ஹெட்டைத் துடைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். நேவிக் கப்டனே எனக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். "கப்டன் இல்லை, கப்டன்ரை டிரைவர்" என்று நீ திருத்துவாய். டிரைவராக இருந்தால் என்ன, வந்தது ஜீப்பில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், ஊரடங்கு. பாலையூற்றில் உன் வீட்டுச் சன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு நாலு பேர் இருந்தோம்: நீ, உன் மனைவி, மகள், நான். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் மகள் எழும்பிப் படத்தின் சத்தத்தைக் குறைப்பாள். ஜீப் போனதும் கூட்டுவாள். ஒரு குற்றமும் செய்யாமல், குற்றவாளிகளைப் போலத்தான் அந்தக் காலத்தில் எதையும் பார்த்தோம்.

படத்தில், இங்கிலாந்தில் ஒரு ஏழைக் குடும்பம். மழை. பாட்டு இல்லை, சண்டை இல்லை. வேலை போன தகப்பன் கதிரையில் இருக்கிறான். தாய் படம் முழுக்க ஒரே கோட்டோடு திரிகிறாள். குசினிக்குள்ளேயே ஈர உடுப்புத் தொங்குகிறது. ஒருவர் கதைத்து முடிக்க முன்னமே மற்றவர் கதைக்கிறார். உனக்குத்தான் இங்கிலீசு தெரியும். ஆனால் மொழிபெயர்க்கிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் என் தகப்பன் வெள்ளைக்காரனின் நேவிக்குள் வேலை செய்தவர். படத்தில் வருகிற தகப்பன் ஒரு காலத்தில் பெரிய கப்பல் கப்டன், சதி செய்து விழுத்திவிட்டார்கள் என்று தொடங்கினேன்.

உன் மகள் இடையில் கேட்டாள். "மாமா, அந்தாள் ‘டீ’ எண்டு மட்டும்தானே சொன்னவர். நீங்கள் இவ்வளவு நீளமாச் சொல்லுறியள்."

"இங்கிலீசு சுருக்கமான பாஷை, பிள்ளை."

நீ சிரிக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்கவே இல்லை. வாயைத் திறந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்போதுதான் அந்த இடம் வந்தது. அந்த வீட்டு வாசற்கதவில் பனிக்கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் நீளமான கோட்டுகளோடு மூன்று நிழல்கள். கதவில் தட்டுகிறார்கள். உள்ளே தாய் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே போகிறாள். கையால் சின்னவளின் வாயைப் பொத்துகிறாள். எனக்கு யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. "ஆமி சுத்தி வளைச்சிட்டுது" என்றேன். உன் மனைவி கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தாள். எங்கள் வீடுகளில் கதவைத் தட்டிக்கொண்டு வேறு யார் வருவார்கள்?

"அது ஆமி இல்லையடா" என்று நீ மெல்லச் சொன்னாய். "பிள்ளையளைக் கொண்டுபோக வந்த அரசாங்கக் கந்தோர் ஆக்கள். இந்த வீட்டிலை பிள்ளை வளர்க்க வசதியில்லையாம்."

"கந்தோர் ஆக்களுக்கே ஒளிக்கினம்?" என்று மகள் கேட்டு முடியவில்லை, அடுப்பில் கேத்தல் கூவத் தொடங்கியது. யாராவது எழும்பி அணைக்க வேண்டும். எழும்பினால் நிழல் தெரியும். கேத்தல் கூவுகிறது, கூவுகிறது. வெளியே தட்டுகிறவர்கள் நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். கடைசியில் தாய் எழும்பினாள். கேத்தலை இறக்கினாள். அதைக் கையில் பிடித்தபடியே போய்க் கதவைத் திறந்தாள். "உள்ளை வாங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ." அவர்கள் இருந்து குடிக்கிறார்கள். அவள் கை பிள்ளையின் தோளில். அதோடு படம் முடிந்துவிட்டது.

"பிள்ளையை விட்டிட்டுப் போட்டினம்" என்று நான் முடிவைச் சொன்னேன். நீ தலையாட்டவில்லை. கெசட்டைத் திருப்பி அந்த இடத்தை மூன்று தரம் போட்டாய். "ஒராளும் அழேல்லைப் பார்" என்றாய். "இது படம் இல்லை மச்சான். பக்கத்து வீட்டுச் சன்னல்."

இதுவரைக்கும் எழுதியது எல்லாம் உனக்குத் தெரிந்தது. இனித்தான் என் பங்கு.

மூன்றாம் நாள் சலூனில் இருந்தேன். ஒருவன் மெட்ராஸ் படம் ஒன்றைப் பற்றி அளந்துகொண்டிருந்தான், கதாநாயகன் நூறு பேரை அடித்தானாம். என்னால் பொறுக்க ஏலாமல் போய்விட்டது. "நான் பார்த்த கெசட்டை இந்த ஊரிலை ஒருத்தனும் பார்க்கேல்லை" என்றேன். "ஆமி வீட்டைச் சுத்தி வளைக்கிறதை அப்பிடியே எடுத்திருக்கு. உள்ளுக்கை சனம் மூச்சு விடேல்லை."

கத்தரிக்கோல் நின்றது. "எங்கை பார்த்தனீர்?"

"எங்கை பார்க்கிறது, என்ரை சிநேகிதன் வீட்டிலைதான்."

கடையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அதற்கடுத்த நாள் பத்து மணிக்கு நான் உன் முன்னறையில் இருந்தேன். படலை திறந்த சத்தத்துக்கும் அவர்கள் உள்ளே நின்றதற்கும் இடையில் நேரமே இல்லை. அதிகாரி ஒருவன், துவக்கோடு நாலு பேர். அவன் தெரிந்த தமிழில் கேட்டான்: "ஆமி கெசட் எங்க?"

ஆமி கெசட். அந்தப் பெயரை அந்தக் கெசட்டுக்கு வைத்தது இந்த உலகத்தில் ஒரே ஒரு வாய்.

நீ சிங்களத்தில் விளங்கப்படுத்தினாய். போட்டுக் காட்டுகிறேன் என்றாய். கரண்ட் இல்லை. அதிகாரி அணைந்து கிடந்த பல்பைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான். காம்பில் ஜெனரேட்டர் இருக்கிறது என்றான். ஒருவன் டெக்கைத் தூக்கினான். நீ சேர்ட்டைப் போட அனுமதி கேட்டாய். பொத்தானை ஒரு ஓட்டை மாறிப் பூட்டியிருந்தாய், அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் மனைவி குசினியிலிருந்து தட்டத்தில் தேத்தண்ணி கொண்டு வந்தாள். அந்தப் படத்தில் குடிப்பார்கள். இவர்கள் குடிக்கவில்லை.

‘இவனில்லை, சலூனில் அளந்தவன் நான்.’ நாலு சொல். நேவிக் கப்டனோடு இங்கிலீசு கதைத்த நாக்கு என்று ஊருக்குச் சொன்ன அந்த நாக்கு அசையவில்லை. நிலத்தைப் பார்த்தேன். உன் செருப்பு என்னைக் கடந்து போனது.

பத்திலிருந்து நாலு மணி வரைக்கும் அந்தத் தட்டம் மேசையில் அப்படியே இருந்தது. போன எத்தனையோ பேர் திரும்பாத காலம். உன் மகள் சன்னலை விட்டு அசையவில்லை. மத்தியானம்போல் உன் மனைவி கேட்டாள்: "ஆர் அண்ணை காட்டிக் குடுத்திருப்பினம்?"

அப்போது என் வாய் திறந்தது, மச்சான். அதுதான் இன்றைக்கும் எனக்குப் பயம். உண்மைக்குத் திறக்காத வாய் பொய்க்குத் திறந்தது. சலூனில் ஒரு புது ஆள் இருந்தவன், ஆர் வீட்டில் என்ன கெசட் என்று துருவித் துருவி விசாரித்தவன் என்றேன். பச்சைச் சாரம் கட்டியிருந்தான், இடது கன்னத்தில் மச்சம், கதைக்கும்போது ஒரு கண்ணைச் சுருக்குவான். சொல்லச் சொல்ல அவன் எனக்கே கண்ணில் தெரிந்தான்.

நாலு மணிக்கு நீ டெக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாய், வயர் பின்னால் இழுபட. கெசட் இல்லை. தட்டத்தில் ஆறிக் கிடந்த தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாய். பிறகு சிரித்தபடி சொன்னாய்: "ஒரு பொடியன் கேட்டவன், சண்டை எப்ப வருமெண்டு. இது முழுக்கச் சண்டைதான், வடிவாப் பாருங்கோ எண்டனான். அவன் நித்திரையாப் போனான். பெரியவன் மட்டும் கடைசி மட்டும் பார்த்தவன்."

"என்ன கேட்டவன்?"

"பிள்ளையளைக் கொண்டு போனவையோ எண்டு கேட்டவன். தெரியாது, படம் அதிலை முடியுது எண்டு சொன்னனான். அவனுக்கு அது பிடிக்கேல்லை. திருப்பிப் போட்டு இன்னொருக்காப் பார்த்தவன். அதிலைதான் எனக்கு உயிர் வந்தது."

உன் மனைவி மச்சக்காரனைப் பற்றிச் சொன்னாள். சாரத்தின் நிறத்தைக்கூட விடவில்லை. நீ கேட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

"ஓம், அவனை எனக்குத் தெரியும்" என்றாய். "கெட்டவன் இல்லை. கொதிச்சால் கூவுவான், அவ்வளவுதான்." பிறகு கோப்பையை நீட்டினாய். "கேத்தல், எனக்கு இன்னொரு தேத்தண்ணி ஊத்து."

அதற்குப் பிறகு முப்பது வருடம் நீ அந்தப் பெயரை விடவில்லை. காரணத்தையும் ஒரு நாளும் சொல்லவில்லை. ஒவ்வொரு தரம் நீ கூப்பிடும்போதும் இன்றைக்குச் சொல்லிவிடப் போகிறான் என்று பயந்து நான் வேறு கதை தொடங்குவேன். நீ சீனி வருத்தத்தில் படுத்துக் கடைசியாகக் கூப்பிட்டபோதும் தொடங்கினேன்.

உன் முப்பத்தோராம் நாள் சடங்கில் உன் மனைவி எனக்குச் சோறு போட்டுக்கொண்டு கேட்டாள்: "அந்த மச்சக்காரன் இப்ப உயிரோடை இருக்கிறானோ தெரியாது, என்ன அண்ணை?" இருக்கிறான் தங்கச்சி என்றேன். பிறகு சோற்றில் குனிந்துகொண்டேன். உன் வீடு இங்கிருந்து பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடத்தை நடந்துவிட வேண்டும் என்றுதான் முதலில் உனக்கு எழுதிப் பழகுகிறேன்.

படத்தை இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்கிறேன். தகப்பனைக் கப்டனாகத்தான் வைத்திருக்கிறேன், அதை மாற்ற மனமில்லை. மழையைப் புயலாக்கியிருக்கிறேன். கேத்தல் கூவுகிற இடம் வந்ததும் நீ காட்டியபடியே சொல்கிறேன், ஒரு சொல் கூட்டுவதில்லை. தாய் எழும்புகிறாள், கேத்தலை இறக்குகிறாள், கதவைத் திறக்கிறாள். அவர்கள் குடிக்கிறார்கள். அவள் கை பிள்ளையின் தோளில்.

பிள்ளையைக் கொண்டு போனவையோ என்று எல்லோரும் கேட்பார்கள்.

தெரியாது என்று சொல்வேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வருகிற இடம் அது ஒன்றுதான், மச்சான்.