கல்லின் மறுபாதி

அருள்புரம்
2008, ஆவணி

உடையவில்லை, கிருத்திகா. கல் முழுசாகத்தான் வந்து சேர்ந்தது. நானும் உன் அப்பாவும் முருகன் புண்ணியத்தில் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று எழுதியிருக்கிறாய், அதைத்தான் நம்ப முடியவில்லை. உன் கையெழுத்து இளைத்துப் போயிருக்கிறது.

போனில் கேட்டிருப்பேன், ஆனால் உன் அப்பா பக்கத்திலேயே நிற்பார். அவருக்குத் தெரிய வேண்டாம் என்று நீ எழுதியிருக்கிறாய். அங்கேயே சந்தேகம் தொடங்கிவிட்டது. பார்சலைக் கொண்டுவந்த தபால்காரர் கன்னையன் மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, திருப்பூருக்கே பனியன் வருதுங்களா?" என்று சிரித்தார். உள்ளே இருப்பது பழைய பனியன் என்று எழுதியிருக்கிறாய். ஆஸ்திரேலியாவிலிருந்து அருள்புரத்துக்குப் பழைய பனியன். பொய் சொல்லத் தெரியாத பெண் என்று நினைத்திருந்தேன், சொல்ல ஆரம்பித்திருக்கிறாய், இன்னும் சரியாக வரவில்லை. நம் பனியன் கம்பெனி சாம்பிள் ரூமில் வைத்துப் பிரித்தேன். நம் டெய்லர் விஜயராணி பனியனை உருவி உள்பக்கத் தையலைப் பார்த்து, இது நம்மூர்ல தச்சதுதானுங்க்கா, போன சரக்கு திரும்பி வந்திருக்கு என்றாள். கல்லை அவள் பார்ப்பதற்குள் முந்தானையில் மறைத்தேன். நான் எதற்கு மறைக்க வேண்டும்? நீ மறைத்ததால்.

எல்லோரும் சாப்பிடப் போன நேரம் செக்கிங் டேபிள் விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன், கரண்ட் இருந்த கொஞ்ச நேரம். சாம்பல் நிறம். அதில் பதிந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிப்பி, அதன் ஓரத்தில் இன்னும் சின்னதாக ஒன்று, இரண்டுக்கும் நடுவே நூல் மாதிரி ஒரு கோடு. சிப்பி என்று சொல்லக் கூடாது, பிரேக்கியோபாட், சிப்பிக்கு ஓடு இடம் வலம், இதற்கு மேல் கீழ் என்று போன லீவில் சண்டை போட்டாய். எனக்கு சிப்பிதான். அந்த நூல்தான் அதன் கால் என்று எழுதியிருக்கிறாய். ஐம்பது கோடி வருஷத்துக்கும் முந்தின கடல், அடியில் குழைந்த சேறு, ஊன்ற இடமில்லை, அதனால் சின்னது பெரியதன் ஓட்டைப் பிடித்து நின்று தண்ணீரில் வருவதை வடித்துத் தின்றிருக்கிறது. கால் கல்லில் பதிவது அபூர்வம், அதைக் கண்டது நீ. அதை நம்புகிறேன். இவ்வளவு சின்ன கோட்டை இத்தனை கல்லுக்கு நடுவே வேறு யார் பார்த்திருப்பார்கள்.

பிறகுதான் மனசில் இடித்தது. கல்லைப் பிளந்தால் சிப்பி ஒரு பக்கமும் அதன் அச்சு மறுபக்கமுமாக இரண்டு பாதி வருமாமே. இங்கே இருப்பது ஒரு பாதி. மற்றது உன் புரொபசர் மேஜையில். அவர் அதை மீட்டிங்கில் படமாகத் திரையில் காட்டினார், படத்துக்குக் கீழே அவர் பெயரும் வேறொரு மாணவன் பெயரும் இருந்தது, உன் பெயர் இல்லை என்கிறாய். அந்த ஆளை நான் எப்போதும் நம்பியதில்லை, தானே எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுக்கிறார் என்று எழுதினாயே, அன்றிலிருந்து. ஆனால் உன்னையும் கேட்கிறேன். நீ முதலிலிருந்து அங்கே உட்கார்ந்திருந்தாயா, பாதியில் போனாயா? முதல் படத்தில் உன் பெயர் இருந்திருக்குமோ? அவரிடம் நேரில் கேட்டாயா? கேட்டதாக ஒரு வரியும் இல்லை. கேட்காமல் பனியனில் சுற்றிவிட்டாய்.

எங்கே கற்றாய் என்று தெரியும். என்னிடம்தான். சரக்கு வாங்குகிற பையருக்கு ஒரு சாம்பிள் அனுப்பினால் அதே துணியில் தைத்த இன்னொன்றை நம்மிடம் வைத்துக்கொள்வோம், கவுண்டர் சாம்பிள். போன வருஷம் ஒரு ஏஜெண்ட் இது உங்கள் டிசைனே இல்லை என்றதும், நான் பீரோவைத் திறந்து அதை எடுத்துக் காட்டியதும், அவர் குனிந்து காபி குடித்ததும் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாய். ஆனால் கண்ணு, அந்தப் பனியனில் தொங்கிய அட்டையில் அவர் கையெழுத்து இருந்தது. நம்மிடம் ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்து இருந்தால்தான் சாட்சி. தெரியாமல் இருப்பது திருட்டு. நாளைக்கு உன் புரொபசர் மறுபாதி எங்கே என்று கேட்டால் சிப்பியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், உன்னைப் பற்றித்தான் பேசுவார்கள். படிப்பு போகும்.

பல்லடத்தில் ஒரு ஸ்டுடியோவில், கல்லை அன்றைய பேப்பர் மேல் வைத்து, தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்துவிட்டேன். ராசிக்கல்லுங்களா என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். டைல்ஸ் சாம்பிள் என்றேன், பார், எனக்கும் பொய் வருகிறது. கம்ப்யூட்டரில் இருந்ததை அவர் அழிக்கும்வரை நகரவில்லை. ஒரு பிரதி என்னிடம், ஒன்று இதோடு.

உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டார். சேறு, கால், எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். "புள்ளைக்கு அங்க புடிச்சு நிக்க ஆருமே இல்லையாட்ட இருக்குது" என்றார். அவ்வளவுதான். அப்புறம் மிஷின் பக்கம் போய்விட்டார்.

நேராகப் போய்க் கேள், கிருத்திகா. கல்லை ஊருக்கு அனுப்பினது நான்தான் என்று நீயே சொல், பெயரை ஏன் விட்டீர்கள் என்று அதே மூச்சில் கேள். பார்சல் மெதுவாகத்தான் வரும், இந்தக் கடிதம் முன்னால் வரும், அதை மறந்துவிடாதே, உனக்கு இருப்பது அந்த இடைவெளிதான். சென்னிமலையான் உனக்குத் துணை இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, சாப்பிட்டேன் என்று எழுதாதே, என்ன சாப்பிட்டாய் என்று எழுது.

உன் அம்மா,
மயிலாள்

பின்குறிப்பு: தபால் ஆபீசில் நின்று எழுதுகிறேன். கல்லை அதே பனியனில் சுற்றிக் கட்டினேன். பெறுநர் இடத்தில் உன் டிபார்ட்மெண்ட் தலைவர், அனுப்புநர் இடத்தில் என் பெயர். உள்ளே இருப்பது என்ற இடத்தில் கல் என்று எழுதிக் கொடுத்தேன்.