தீபாவளி விடுமுறையில் தெளிந்த ஆறு

உங்கள் ஊருக்கு வரும் குடிநீர் லாரி இந்த மாதத்தோடு நிற்கப் போகிறது. ஒன்றிய அலுவலக எழுத்தர் ஒருவர் நேற்றுப் பகலில் கோப்பைத் திறந்து காட்டி இதை உறுதி செய்தார். உத்தரவில் இன்னும் கையெழுத்தாகவில்லை, வரைவு தயார். ஆறு மீண்டுவிட்டதால் லாரி தேவையில்லை என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். ஆதாரம் எது என்று தாளைப் புரட்டினேன். பசை வாடை அடித்தது. வெள்ளைத் தாளில் ஒட்டிய பத்திரிகை நறுக்கு. தலைப்புக்குக் கீழே என் பெயர்.

நீங்கள் காலமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. இருந்திருந்தால், "ஏனுங்க நிருபரே, எம்பட ஊட்டுத் தண்ணிய நிறுத்தச் சொல்லி நீங்களே எழுதிக் குடுத்தீங்களாக்கும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருப்பீர்கள். நானும் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

கல்லூரி மாணவர்களை ஆண்டுதோறும் நொய்யல் ஆற்றங்கரைக்கு அழைத்து வரும் கல்விச் சுற்றுலாவில், முன்பெல்லாம் கடைசி நிறுத்தம் உங்கள் தோட்டம். சாயக்கழிவின் உப்பு இறங்கிக் கெட்டுப்போன உங்கள் கிணற்றை நீங்கள் அவர்களுக்குக் காட்டுவீர்கள். விளக்கம் எதுவும் சொல்ல மாட்டீர்கள். ஒரு வாளி தண்ணீரை இறைத்து வைத்து, மாணவி ஒருத்தியிடம் புதுச் சோப்பைக் கொடுப்பீர்கள். "தேய் கண்ணு. நொரை வந்துச்சுன்னா உங்க பஸ்ஸ நானே காலேஜ் வரைக்கும் தள்ளீட்டு வாறேன்." அவள் தேய்த்துக்கொண்டே இருப்பாள். சோப்பு தயிர்போலத் திரிந்து கையில் ஒட்டும். பஸ்ஸை நீங்கள் ஒருமுறைகூடத் தள்ள நேர்ந்ததில்லை.

அதன் பிறகு ஆய்வகத்துக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கக் கற்றுக்கொடுப்பீர்கள். அதே தண்ணீரில் மூன்று முறை பாட்டிலை அலச வேண்டும். ஒட்டும் சீட்டில் தேதி, நேரம், அவற்றுக்குக் கீழே ஆய்வகம் கேட்காத ஒன்று: அன்றைக்குச் சாயப்பட்டறைகள் ஓடுகின்றனவா, விடுமுறையா. "பட்டறை ஓடுதான்னு எழுதாத பாட்டலு, கண்ண மூடிட்டுப் புடிச்ச போட்டா மாதிரிங்க" என்பீர்கள்.

இந்த ஆண்டுச் சுற்றுலாவைத் தீபாவளி முடிந்த வாரத்தில் வைத்தார்கள். செய்தி எழுத நானும் பஸ்ஸில் போனேன். திருப்பூரில் அந்த வாரம் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போனஸ் வாங்கித் தெற்கே போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். ரயில் ஏறிய வடக்கத்தி ஆட்களும் அப்படித்தான். பட்டறைகள் பூட்டிக் கிடக்கும். போதாததற்கு மழையும் பெய்திருந்தது. ஆறு தெளிந்துதான் ஓடியது.

உங்கள் தோட்டம் நிகழ்ச்சி நிரலிலேயே இல்லை. ஆற்றில் புதிதாகக் கட்டிய கல்படிக்கட்டுக்கு அருகே பஸ்ஸை நிறுத்தினார்கள். கரைச் சுவரில் ஆளுயர மீன்களை வரைந்திருந்தார்கள். வெள்ளைத் தொப்பி அணிந்த ஒருங்கிணைப்பாளர் மைக்கில், "பாருங்க, மீனே வந்துருச்சு!" என்றார். அவர் சுவரைக் காட்டினாரா, தண்ணீரையா என்று எனக்குத் தெரியவில்லை. "சார், எப்பவுமே இப்படித்தான் ஓடுங்களா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"சூப்பர் கொஸ்டின். லஞ்ச் டைம் ஆச்சு, எல்லாரும் பிளேட் எடுத்துக்கங்க."

ஆற்றைக் காப்போம் என்று உறுதிமொழி எடுத்த அதே படிகளில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பஸ் கிளம்பியபோது தக்காளிச் சோறு ஒட்டிய தட்டுகள் கீழ்ப்படியில் மிதந்தன. ஒரு மாணவன் ஆற்றில் பிடித்த பாட்டிலை வழியில் எல்லோரும் வெயிலில் தூக்கிப் பார்த்துக் கைதட்டினார்கள். அதன் சீட்டில் தேதி மட்டும் இருந்தது.

நான் பார்த்ததை எழுதினேன். தண்ணீர் தெளிவாக இருந்தது என்று எழுதினேன். பட்டறைகள் அன்று விடுமுறை என்பதையும் எழுதினேன், ஆனால் கடைசிப் பத்தியில். முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவன் செய்யக் கூடாத தப்பு அது. இடம் போதாவிட்டால் செய்தியை அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். அன்றிரவு ஒரு விளம்பரம் வந்தது. "அண்ணா, அடியில நாலு வரிதான் எடுத்தோம்" என்றான் பக்கம் கட்டுகிற தம்பி. மறுநாள் 'தெளிந்து ஓடுகிறது நொய்யல்' என்று வந்தது. பலர் போன் செய்து பாராட்டினார்கள். நான் திருத்தம் கேட்கவில்லை. ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன்.

நேற்று மாலையே உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவி லாரித் தண்ணீரைக் குடங்களில் நிரப்பிக்கொண்டிருந்தார். கோப்பில் இருந்ததைச் சொன்னேன். என் பெயரையும் சொன்னேன். குடத்தை இறக்கி வைத்தார்.

"ஆத்துத் தண்ணி தெளிஞ்சிருந்தா எம்பட கெணறு நல்லாயிருமாங்கண்ணா? எதுத்த ஊட்டுக்காரி சோறு தின்னா எனக்கு வயிறு நெறைஞ்சிருமா?"

அவர் இறக்கி வைத்த குடத்தை நான் தூக்கித் திண்ணையில் வைத்தேன்.

"அவிய இருந்திருந்தா உங்கள வையமாட்டாங்க. பாட்டலத்தான் எடுத்துட்டு வருவாங்க" என்று உள்ளே போனார். இரண்டு பாட்டில்களோடு வந்தார். முதலில் கிணற்றில் இறைத்தோம். பிறகு கல்படிக்கட்டுக்குப் போனோம். சுவர் மீன்களுக்குக் கீழே ஆறு கருஞ்சிவப்பாக ஓடியது. மூக்கைத் துளைக்கும் வாடை. அவர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பாட்டிலையும் மூன்று முறை அலசிய பிறகே பிடித்தார். சீட்டை நான் எழுதினேன். பட்டறை ஓட்டம் என்று எழுதும்போது, இந்த ஒரு கேள்வியைத்தான் உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன், அதையும் வேண்டிய நாளில் கடைசிக்குத் தள்ளிவிட்டேன் என்று தோன்றியது. இனி எதை எழுதினாலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்குவேன்.

பாட்டில்கள் இன்று காலை ஆய்வகத்துக்குப் போய்விட்டன. திருத்தம் ஞாயிற்றுக்கிழமை வரும் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அடியிலிருந்து வெட்ட முடியாதபடி ஒரே வாக்கியமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் உங்கள் மனைவி மனு கொடுக்கிறார், அருகில் நிற்பேன். ஆய்வக முடிவு அடுத்த வெள்ளிக்கிழமை மாலைக்குள் வரும் என்கிறார்கள். லாரி கடைசியாக வரும் நாள் என்று கோப்பில் குறித்திருப்பது அதற்கு மறுநாள்.